ஒயின் மாநாட்டில் முந்திரி விவசாயிக்கு என்ன வேலை?

பங்குனி, சித்திரை மாதங்களில் ஆதனக்கோட்டை, கந்தர்வகோட்டை, கறம்பக்குடி பக்கம் முந்திரித் தோப்புகளைக் கடந்து போனால் ஒரு வாசம் வரும். பழுத்த வாசமும் புளித்த வாசமும் கலந்த வாசம். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறோம். ஆடு, மாடு தின்றது போக மிச்சம் அங்கேயே கிடந்து நொதிக்கிறது. கோவாவில் இதே பழத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். நம் ஊரில் அள்ளிக் கொட்டக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொட்டைக்குக் குறைந்தது 5 முதல் 6 கிலோ பழம் உண்டு. உங்கள் தோப்பில் ஏக்கருக்கு 200 கிலோ கொட்டை கிடைத்தால், ஒரு டன்னுக்கு மேல் பழம் மண்ணில் விழுகிறது. பிழிந்தால் அதில் 600 லிட்டர் சாறு வரும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக ஒட்டுக்கன்று நட்டவர்களின் தோப்புகள் இப்போது நன்றாகக் காய்ப்புக்கு வந்திருக்கும். ஆகவே, வருங்காலத்தில் பழம் கூடத்தான் செய்யும்.

இதனால்தான் ஒவ்வொரு பருவத்திலும் யாராவது ஒருவர் ஒயின் பேச்சை எடுக்கிறார். பெங்களூருவில் ஒயின் திருவிழா, மும்பையில் ஒயின் கண்காட்சி, நாசிக்கில் கருத்தரங்கு என்று செய்திகள் வருகின்றன. அங்கே நாம் போனால் ஏதாவது வழி கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். போகலாம். ஆனால், பாட்டில்களை வேடிக்கை பார்க்கவோ, ஓசியில் ருசி பார்க்கவோ போனால் ரயில் செலவுதான் மிச்சம். பழம் விற்கப் போகிறவராகப் போக வேண்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்

தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் பழத்தை நொதிக்க வைத்து ஒயின் தயாரிப்பது குற்றம். "வீட்டு உபயோகத்துக்குத்தான்", "திராட்சை ரசம்தான்" என்பதெல்லாம் காவல் நிலையத்தில் எடுபடாது. காய்ச்சி வடித்தால் அதற்குப் பெயர் சாராயம். கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூன் மாதக் கடைசியில் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன. சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் மட்டுமே இருக்கிறது. எனவே, மாநாட்டில் பார்த்ததைத் தோப்புக் கொட்டகையில் செய்து பார்க்கும் எண்ணம் வேண்டாம். யூடியூபில் பானையும் ஈஸ்ட்டுமாக வரும் செய்முறைகளையும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் எதற்குப் போக வேண்டும்? உங்கள் பழத்தை வாங்கக்கூடியவர்கள் வருகிற இடம் அது. அவர்கள் எதைப் பார்த்து விலை வைக்கிறார்கள் என்பதை அங்கேதான் நேரில் பார்க்க முடியும்.

எங்கே போவது?

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நடக்கும் புரோவைன், இத்தாலியின் வெரோனாவில் 1967 முதல் நடந்துவரும் வினிட்டாலி ஆகியவை உலக அளவில் பெயர் பெற்ற கண்காட்சிகள். அவை இறக்குமதியாளர்களுக்கும் ஓட்டல்காரர்களுக்கும் உரியவை. நமக்கு அவற்றில் வேலை இல்லை. மும்பைக் கண்காட்சியும் பெரும்பாலும் வியாபாரிகளின் கூட்டம்தான்.

புதுக்கோட்டை விவசாயிக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பெங்களூரு. திருச்சி போய் ரயில் பிடித்தால் ஓர் இரவுப் பயணம். கர்நாடகத்தில் திராட்சைக்கும் ஒயினுக்கும் என்றே அரசு வாரியம் ஒன்று இருக்கிறது. அது நடத்தும் ஒயின் விழாக்களில் ஆலைக்காரர்கள், நாற்றுப் பண்ணையார்கள், அதிகாரிகள், விவசாயிகள் எல்லோரும் ஒரே கூடாரத்தின் கீழ் கிடைப்பார்கள். பேச்சு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும். கல்லூரியில் படிக்கும் மகனையோ மகளையோ கூட்டிப் போனால் பாதிக் கவலை தீர்ந்தது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் நந்தி மலை அடிவாரத்தையும் பார்த்துவிட்டு வரலாம். 1988-ல் தொடங்கிய குரோவர் ஒயின் ஆலை அங்கே, தொட்டபள்ளாபுரத்தில் இருக்கிறது. கொடி, கொட்டாரம், தொட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் வரிசையாகச் சுற்றிக் காட்டிக் கடைசியில் நாலைந்து ஒயின்களை ருசிக்கத் தருவார்கள். கட்டணம் உண்டு. மாநாட்டில் ஒரு நாள் முழுக்கக் கேட்பது இங்கே ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குப் புரியும்.

ருசி பார்ப்பது குடிப்பதல்ல

ருசிக்கும் மேசையில் கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் ஒரு வாளியோ ஜாடியோ இருக்கும். துப்புவதற்குத்தான் அது. ஒரு நாளில் 40, 50 ஒயின்களை மதிப்பிடும் நடுவர்கள் எதையும் விழுங்குவதில்லை. வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுகிறார்கள். நீங்களும் தயங்காமல் துப்பலாம். அங்கே அதுதான் மரியாதை. மதுவே தொடாதவராக இருந்தால் முகர்ந்து பார்த்தாலே போதும், முக்கால்வாசி வேலை மூக்குக்குத்தான். மது எந்த அளவில் இருந்தாலும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போவதற்கு முன் வெற்றிலை, பீடி, காபி வேண்டாம். சென்ட் பூச வேண்டாம். தலை நிறைய மல்லிகை வைத்துப் போனால், பக்கத்தில் நிற்பவருக்கு எல்லா ஒயினும் மல்லிகையாகவே மணக்கும்.

கோப்பையின் தண்டைப் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்து நிறம் பாருங்கள். மெல்லச் சுழற்றி முகருங்கள். பிறகு ஒரு மடக்கு. அங்கே ஒயின்காரர்கள் சொல்லும் ஆங்கிலச் சொற்களைக் கேட்டு மிரள வேண்டாம். அவர்கள் சுற்றி வளைத்துச் சொல்லும் ஒரு விஷயத்துக்கு நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது: துவர்ப்பு. கொட்டைப்பாக்கு, கடுக்காய், வாழைப்பூ தின்றால் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்குமே, அதுதான் டானின். சிவப்பு ஒயினில் அது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. முந்திரிப் பழத்தைக் கடித்தால் தொண்டையைப் பிடிப்பதும் அதே ரகம்தான். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் ஒன்றை ஒன்று அமுக்காமல் நிற்கிறதா என்பதைத்தான் ருசிப்பவர் தேடுகிறார். மாவடுவையும் நெல்லிக்காயையும் தின்று வளர்ந்த நாக்குக்கு இது கடினமான பாடம் இல்லை.

விவசாயிக்கு முக்கியமானது நல்ல ஒயின் அல்ல. கெட்டுப்போன ஒயின். எங்கேயாவது காடி வாசம் அடித்தால், பறவை கொத்திய பழமோ வெடித்த பழமோ கூடையில் கலந்திருக்கலாம், அல்லது தொட்டியில் காற்று புகுந்திருக்கலாம். அழுகிய முட்டை வாசம் வந்தால் அதற்கு ஒரு காரணம் தோட்டத்தில் இருக்கக்கூடும். சாம்பல் நோய்க்கு அடித்த கந்தகம் அறுவடை நேரத்தில் பழத்தோலில் மிச்சம் இருந்தால், நொதிக்கும்போது ஈஸ்ட் அதை அந்த நாற்றமாக மாற்றிவிடும். தோட்டத்தில் செய்த பிழை ஆறு மாதம் கழித்துக் கோப்பையில் தெரிகிறது. வாங்குபவர் மருந்துக் கணக்கைக் கேட்பதற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் சிரிக்கிறாரே என்று வெட்கப்படாமல், "இதில் கெட்டது எப்படி இருக்கும், காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல ஆலைக்காரர் காட்டுவார்.

நம் பக்கம் இதை இன்னும் கவனிக்க வேண்டும். பழம் யாரும் தின்பதில்லை என்ற தைரியத்தில் தேயிலைக் கொசுவுக்குப் பூக்கும்போதும் காய்க்கும்போதும் மருந்து அடிக்கிறோம். பழத்தை விற்பதென்றால் அந்தப் பழக்கம் ஆகாது. கேரளாவின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மீது ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததன் விளைவை நாடே பார்த்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. எந்த மருந்து, எந்தத் தேதி, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

நாசிக் சொல்லும் கதை

மாநாட்டு மேடைகளில் நாசிக்கை வெற்றிக் கதையாகவே சொல்வார்கள். அது பொய்யில்லை. மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை பதனிடும் தொழிலுக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. வரிச் சலுகை கொடுத்தது. விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைத்தது. சூலா போன்ற ஆலைகள் விவசாயிகளுடன் ஒப்பந்தம் போட்டுப் பழம் வாங்கின. சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் எண்ணைப் பார்த்து விலை வைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. விடிகாலையில் அறுத்த பழம் அன்றே ஆலைக்குப் போய்விடும்.

மேடையில் குறைவாகச் சொல்லப்படும் பாதி ஒன்றும் உண்டு. 2008-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தமும் மும்பைத் தாக்குதலும் சேர்ந்து விற்பனையைச் சாய்த்தன. ஆலைகளில் சரக்கு தேங்கியது. முன்னணி நிறுவனம் ஒன்று நொடித்தே போனது. பழம் கொடுத்த விவசாயிகள் பலருக்குப் பணம் வரவில்லை. ஒயின் திராட்சை சின்னதாக, விதையோடு, தடித்த தோலோடு இருக்கும். அதைச் சந்தையில் தின்பதற்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஆலை வாங்கவில்லையென்றால் அந்தப் பழத்துக்கு வேறு வழியே கிடையாது. கொடிகளை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி தின்னும் திராட்சைக்கே திரும்பியவர்கள் அங்கே உண்டு. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை அப்படியில்லை. சந்தையிலும் போகும், சாறு பிழியவும் ஆகும். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

முந்திரிக்காரர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். உங்களுக்கு வருமானம் கொட்டையில். பழம் உபரி. நாளைக்கு வாங்குபவர் ஓடிப்போனாலும் கொட்டைக் காசு கையில் நிற்கும். நாசிக் விவசாயிக்கு இல்லாத இந்தப் பாதுகாப்பை எந்தப் பேச்சுக்கும் மயங்கி இழந்துவிடக் கூடாது. "கொட்டை சிறுத்தாலும் பரவாயில்லை, பழம் பெருத்த ரகம் நடுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களைக் கொட்டைக்காகத்தான் நடுகிறோம், அப்படியே நட்டால் போதும்.

இருபத்து நான்கு மணி நேரம்

முந்திரிப் பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது என்று எல்லா மாநாட்டிலும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பழம் ஒரு நாள் தாங்காது. விழுந்த பழம் மணலில் பட்டு வெடித்தால் அரை நாள்கூடத் தாங்காது. இந்தத் தொழிலின் கழுத்தைப் பிடிப்பது இதுதான்.

கோவாவில் இது எப்படி நடக்கிறது என்றால், தோப்பும் பட்டியும் பக்கத்துப் பக்கத்தில். பட்டி என்பது காய்ச்சும் கொட்டகை. பழுத்துத் தானாக விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, மிதித்துச் சாறெடுத்து, அங்கேயே நொதிக்க விட்டுக் காய்ச்சுகிறார்கள். முதல் வடிப்பு ஊராக், அடுத்தது பெனி. 2009-ல் பெனி புவிசார் குறியீடு பெற்றது. 2016-ல் கோவா அரசு அதைப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. இதைப் பார்த்து "நமக்கும் பெனி" என்று புறப்பட வேண்டாம். அது வடித்த சாராய வகை, ஒயின் அல்ல. நம் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. பார்க்க வேண்டியது தோப்புக்கும் பட்டிக்கும் உள்ள தூரத்தை.

நமக்கு நெருங்கிய பாடம் கேரளாவில் இருக்கிறது. திருச்சூரில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம், வாழை, அன்னாசி, முந்திரிப் பழங்களிலிருந்து ஒயின் தயாரித்து 'நிளா' என்று பெயர் வைத்திருக்கிறது. 2022-ல் அந்த அரசு சிறிய பழ ஒயின் ஆலைகளுக்கு என்றே விதிகள் வகுத்தது. கண்ணூர் மாவட்டத்தில் பய்யாவூர் கூட்டுறவு வங்கி ஒன்று முந்திரிப்பழ பெனிக்கு அனுமதி கேட்டுப் போராடி வாங்கியது. கேட்டது ஒரு விவசாயி அல்ல, கூட்டுறவு வங்கி. அதைக் கவனியுங்கள்.

முந்திரிப் பழச் சாறு 10 முதல் 12 பிரிக்ஸ் இருக்கும். பிரிக்ஸைப் பாதியாக்கி இன்னும் கொஞ்சம் சேர்த்தால் வரக்கூடிய மதுவின் சதவீதம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். அதாவது வெறும் சாற்றில் 6 சதவீதம்தான். ஒயின் ஆக்க வேண்டுமானால் ஆலைக்காரர் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்க்க வேண்டும். துவர்ப்பையும் எடுக்க வேண்டும். அந்தச் செலவைக் கழித்துவிட்டுத்தான் உங்களுக்கு விலை சொல்வார். பலாச்சுளை இதற்கு நேர்மாறு, சாதாரணமாகவே 20 பிரிக்ஸைத் தொடும். வடகாடு, கீரமங்கலம் பலாக்காரர்கள் இதை நினைவில் வைக்கலாம். ஆனால் பலாவின் வாசம் எல்லாவற்றையும் அடித்துவிடும் என்பதால் வாங்குபவர்கள் தயங்குகிறார்கள்.

அங்கே என்ன கேட்பது?

பழத்துக்குக் கிலோவுக்கு என்ன விலை, தோப்பு வாசலிலா ஆலை வாசலிலா? கூடை யாருடையது? பிரிக்ஸ் குறைந்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்? பொறுக்கும் கூலி ஆள் ஒன்றுக்கு என்ன ஆகிறது? பணம் எத்தனை நாளில் வரும்? ஆலை மூடினால் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் பாட்டிலைக் காட்டிப் பேசுபவர் நழுவுவார், பழம் வாங்குபவர் நாற்காலி போடுவார்.

நீங்களும் வெறுங்கையோடு போகக் கூடாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவி இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பழத்தைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் பிரிக்ஸ் தெரியும். இந்தப் பருவத்தில் பத்து மரங்களில், வாரம் ஒரு முறை, காலையில் அளந்து எழுதுங்கள். சிவப்புப் பழம், மஞ்சள் பழம் தனித்தனியாக. உங்கள் ஊரில் நான்கு தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரு நாளைக்கு எத்தனை டன், எத்தனை நாளைக்கு, தார்ச்சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கு வைத்திருந்தால் அது எந்த விளம்பரத்தையும்விடப் பெரிது.

ஒயினுக்கு ஆள் வரும்வரை பழம் மண்ணில் கிடக்க வேண்டும் என்பதில்லை. சாறுக்கு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே வராது. உணவுப் பாதுகாப்பு உரிமம் மட்டும் போதும். ஜவ்வரிசியைத் தூளாக்கிக் கஞ்சி காய்ச்சிச் சாற்றில் கலந்து ஓர் இரவு வைத்தால் டானின் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை வடித்துக்கொள்ளலாம். திருச்சூர் மாடக்கத்தரை முந்திரி ஆராய்ச்சி நிலையம் இந்த முறையில் ஸ்குவாஷ், சிரப் எல்லாம் செய்து காட்டுகிறது. கர்நாடகத்தில் புத்தூர் முந்திரி ஆராய்ச்சி இயக்குநரகமும் பழத்தில் வேலை செய்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலையிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. மாநாட்டுக்குப் போகும்போது மாதிரிக்கு என்று சாற்றைப் பச்சையாக பாட்டிலில் அடைத்து எடுத்துப் போகாதீர்கள். வழியிலேயே நொதித்து மூடி தெறிக்கும், திருச்சி ரயில் நிலையத்தில் சோதனையில் அது மது என்றே கருதப்படலாம். நன்றாகச் சூடாக்கிச் சுடச்சுட அடைத்த சாறு ஒரு பாட்டில், பிரிக்ஸ் நோட்டு, மருந்து நோட்டு. இவை மூன்றும் போதும்.